உபாலியின் ரேடியோவைத் திருத்தித் தந்த நானா

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போன் கவரும் சார்ஜரும் விற்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து உள்ளே போகிறது. அதன் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே, பழைய ரேடியோ திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவர் நிறைய பிஸ்கட் டின்கள். அப்பாவின் யுனிக் ரேடியோவைப் போன மாதம் அங்கேதான் திருத்தி எடுத்தேன். பழைய செட்டை எறிய மனமில்லாமல் அலுமாரிக்கு மேலே வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று கடை ஏறினேன். இரண்டில் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவதில் "இதுக்குச் சாமான் வராது, புதுசு ஒன்று எடுங்கோ" என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இந்த நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) செட்டைத் துணியால் துடைத்தார், பின்மூடியைக் கழற்றினார், நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். "இது உபாலிட செட், தங்கச்சி. வெச்சிட்டுப் போங்க."

உபாலி விஜேவர்தன என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குக் கண்டோஸ் சொக்லட்டைச் சொன்னால்தான் பிடிபடும். 1938இல் பிறந்தவர். ரோயல் கல்லூரி, கேம்பிரிட்ஜ், பிறகு லீவர் கம்பெனி உத்தியோகம். அதை விட்டுவிட்டு டெல்டா டொபி செய்ய இறங்கினார். வெளிநாட்டுச் சாமான் வராத எழுபதுகளில் சொக்லட், சவர்க்காரம், யுனிக் ரேடியோ என்று எல்லாவற்றிலும் கைவைத்தார். பியட், மஸ்டா கார்களைக்கூட இங்கேயே பொருத்தி விற்றார். இங்கிலாந்தில் பந்தயக் குதிரை ஓடவிட்ட மனிதரின் ரேடியோ எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கும் வந்தது. அப்பா ஒரு சாதாரண கிளார்க், தவணைக்குத்தான் எடுத்தார்.

நானா வேலை செய்துகொண்டே கதைப்பார். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார்களாம். "ஆள் வேலை குடுத்தார்" என்றார். உண்மைதான். 1978இல் இந்த வலயத்தை நடத்தப் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு வந்தபோது அதன் முதல் பணிப்பாளர் நாயகம் உபாலி. ஆனால் நான் அதை அப்படியே விழுங்கத் தயாரில்லை. நியமித்த ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அவருடைய உறவுக்காரர். மனைவியோ எதிர்ப்பக்கத்து முன்னாள் பிரதமர் சிறிமாவோவின் சகோதரர் மகள். ஒரு கையில் அரசாங்கக் கதிரை, மற்றக் கையில் சொந்தக் கம்பெனிகள். எந்த ஆட்சி வந்தாலும் கதவு திறக்கிற வீட்டில் இருந்து ஒருவர் அரசியலுக்குள் நடந்து வருவது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை. 1981இல் தி ஐலண்ட், திவயின பத்திரிகைகளைத் தொடங்கினார். மாத்தறைப் பக்கம் கம்புறுப்பிட்டியில் தேர்தல் கேட்க ஆசைப்படுகிறார் என்று ஊரே பேசியது. அப்பா அந்தப் பத்திரிகைகளை வீட்டுக்குள் எடுத்ததே இல்லை. ரேடியோவை மட்டும் யாரும் தொட விடமாட்டார்.

1983 பெப்ரவரி 13 இரவு கோலாலம்பூரில் இருந்து கொழும்புக்குக் கிளம்பிய அவருடைய சொந்த லியர்ஜெட் விமானம், கால் மணித்தியாலம் போவதற்குள் மலாக்கா நீரிணைக்கு மேலே காணாமல் போனது. அவரோடு இன்னும் ஐந்து பேர். இன்னும் நான்கு நாளில் அவருக்கு 45 வயது ஆகியிருக்கும். பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் தேடின. உடல்கள் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க அப்பா இந்தச் செட்டுக்குக் காதைக் கொடுத்தபடி இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதினொரு வயது. "பாவம், அந்த விமானத்தில் வேலை செய்த பிள்ளைகள்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஐந்து மாதத்தில், தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்தில், எங்கள் வீடே போனது. நாங்கள் இரத்மலானை விமான நிலைய முகாமில் இருந்தபோது, எரியாமல் மிஞ்சிய அறையில் இருந்து இந்த ரேடியோவை எடுத்துச் சேலைக்குள் சுற்றி வைத்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி. மாதங்கள் கழித்துக் கையில் தந்தார்.

சரி, வேலைக்கு வருகிறேன். பற்றறி ஒழுகித் தகடுகளில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் பிடித்திருந்தது. நானா வினாகிரியில் தோய்த்த பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, இற்றுப்போன தகட்டுக்குப் பதிலாகப் பித்தளையில் ஒன்று வெட்டிப் போட்டார். சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் வந்த கரகரப்பு போய்விட்டது. காய்ந்த கப்பாசிட்டர் நான்கை மாற்றினார். நிலையம் காட்டும் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்ததால் புது நூலைச் சக்கரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அதற்கு மட்டும் அரை மணித்தியாலம். விரல் நடுங்குகிறது, ஆனால் நூல் நடுங்கவில்லை.

பின்மூடியின் உள்பக்கம் அப்பா ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தார். பற்றறி மாற்றிய தேதிகளைப் பென்சிலில் வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசித் தேதி 9.7.83. திரும்பி வந்த பிறகும் எத்தனையோ தடவை பற்றறி போட்டார், ஆனால் எழுதவில்லை. இது எனக்குத் தெரியவே தெரியாது. நானா அதைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டு, "இதைத் தொடல்ல" என்று காட்டினார். கடையில் வைத்தே அழுதுவிட்டேன். அவர் எழும்பிப் போய் பிளேன்டீ சொன்னார்.

குறையும் இருக்கிறது. ஒரு கிழமை என்றார், மூன்று கிழமை ஆனது. போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். ரசீது என்று சிகரட் பெட்டி அட்டையில் ஒரு இலக்கம் எழுதித் தருவார். தொலைத்தால் உங்கள் பாடு. கசெட் பிளேயர் எடுக்கமாட்டார். 3,800 ரூபாய் கேட்டார், பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இரவில் மத்திய அலையில் மெல்லத் திருப்பினால் கடல் கடந்து தமிழ்நாட்டு நிலையம் ஒன்று தெளிவாக விழுகிறது. போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகப் பகலோடு மூடிவிடுவார். செட்டை நீங்களே திறந்து துடைத்துக்கொண்டு போகவேண்டாம், அதை அவர் விரும்பமாட்டார்.