லினக்ஸ் போட்டதும் "வைஃபை கார்ட் செத்துட்டு" என்கிறார்களா? காசு கொடுக்க முதல் இதைப் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பழைய லப்டொப்புக்கு லினக்ஸ் போடுகிறவர்களுக்கு, முக்கியமாக வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு.

கல்முனையில் நடந்தது இது. விண்டோஸில் வைஃபை ஒழுங்காக வேலை செய்த ஒரு லப்டொப். உபுண்டு போட்டபின் வைஃபை அடையாளமே வரவில்லை. கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "கார்ட் செத்துட்டு, மாத்தணும்" என்றார்கள். புதுக் கார்டுக்கும் கூலிக்கும் காசு வாங்கினார்கள், பழைய கார்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தால் அதே கதை. மறுபடி போய்க் கேட்டதற்கு "லினக்ஸ் எண்டா அப்படித்தான்" என்று சொல்லி, பெட்டியில் "லினக்ஸ் சப்போர்ட்" என்று அச்சடித்த யூஎஸ்பி டொங்கிள் ஒன்றையும் விற்றார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. பற்றுச்சீட்டு இல்லை.

முதலில் அந்தப் பழைய கார்ட். அது சாகவே இல்லை. கணினியின் ஜேர்னலில் (லினக்ஸ் எழுதி வைக்கும் பதிவேட்டில்) முதல் தடவை பூட்டானபோது பதிவான கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) செய்திகள் அப்படியே கிடந்தன. அதில் 14ஈ4:4365 என்ற இலக்கம் இருந்தது. அது புரோட்கொம் 43142 சிப். இந்தச் சிப்புக்கு வேண்டிய "டபிள்யூஎல்" டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) திறந்த மூலம் அல்ல என்பதால் கேர்னலோடு வராது, தனியாகப் போட வேண்டும். 2015க்குப் பிறகு புரோட்கொம் அதற்குப் புதுப் பதிப்பு விடவில்லை. உபுண்டு, டெபியன்காரர்கள்தான் ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். அதனால் கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போவதும் உண்டு. அப்போதும் கார்டில் பிழையில்லை.

கடைக்குக் கொண்டுபோக முதல் டெர்மினலைத் திறந்து, கணினிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஹைஃபன் என்என்கே சேர்த்து ஓட்டுங்கள். "நெட்வேர்க் கொன்ட்ரோலர்" வரி வருகிறதா? வந்தால் மதர்போர்ட் கார்டைக் கண்டிருக்கிறது, கார்ட் உயிரோடு இருக்கிறது. அதற்குக் கீழே "கேர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லையென்றால் குறை டிரைவரில்தான். அந்த வரியும் இருந்து வைஃபை வராவிட்டால் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். "ஹார்ட் புளொக்ட்: யெஸ்" என்றால் பக்கத்துச் சுவிட்ச் அல்லது எஃப்என் விசை. கார்டே பட்டியலில் இல்லையென்றால்தான் பயோஸில் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா, கார்ட் சொக்கெட்டில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மாற்றுவது அதற்கும் பிறகு.

டிரைவர் போட இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலில்தான் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். அன்ட்ராய்ட் போனைக் கேபிளால் கொழுவி யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள், இணையம் வந்துவிடும். உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்", மின்டில் "டிரைவர் மனேஜர்" போய்ப் புரோட்கொம்முக்குக் காட்டுவதைத் தெரிவு செய்தால் போதும்.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) இயங்கும் கணினியில் இன்னொரு படி இருக்கிறது, பெரும்பாலும் இங்கேதான் கவிழும். டிரைவர் ஏறும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி பூட்டாகும்போது நீலத் திரை வரும். 10 செக்கனுக்குள் ஒரு விசையை அழுத்தி "என்ரோல் எம்ஓகே", "கொன்டினியூ", "யெஸ்" என்று போய் அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். திரையைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது. கையால் ஏற்றிப் பார்த்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சேர்விஸ்" என்று வரும். அதைப் பார்த்துவிட்டுக் கார்டை மாற்றச் சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

டெபியன் என்றால் கடைக்காரரின் பென் டிரைவில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 2023இல் வந்த டெபியன் 12 முதல்தான் இன்ஸ்டோலரிலேயே வைஃபை கார்டுகளுக்கான ஃபேர்ம்வெயார் (கார்டுக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) சேர்ந்து வருகிறது. அதற்கு முந்திய சாதாரண இன்ஸ்டோலரில் இன்டெல் வைஃபைகூட வராது.

அடுத்தது மாற்றிப்போட்ட கார்ட்: இன்டெல் ஏஎக்ஸ்201. எம்.2 சொக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் அது சிஎன்விஐ வகை. வயர்லெஸ் வேலையில் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே நடக்கும். அந்த வசதி இல்லாத பழைய இன்டெல் போர்டிலும், எந்த ஏஎம்டி போர்டிலும் இது வெறும் தகடு. விண்டோஸ் போட்டாலும் வராது. சிப்செட்டை நம்பியிராத சாதாரண பிசிஐஇ கார்ட் வேண்டுமென்றால் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. ஒரு இலக்கம்தான் வித்தியாசம், அதில்தான் காசு போகிறது. பழைய எச்பி, லெனோவோ சிலவற்றில் பயோஸ் தனக்குத் தெரியாத கார்டை ஏற்காது. எச்பியில் 104, லெனோவோவில் 1802 என்ற பிழை வந்து கணினி பூட்டாகாமலே நிற்கும். மாற்றுபவர் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்டெனா வயர் முனையையும் பாருங்கள். பழைய வகையான மினி பிசிஐஇ கார்டின் முனை பெரிது, புதிய வகையான எம்.2 கார்டின் முனை சின்னது. அழுத்திப் பொருத்தினால் நசிந்துவிடும், பிறகு ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும்.

டொங்கிளுக்குள் இருந்தது ரியல்டெக் 8811ஏயூ. இதற்கான டிரைவர் கேர்னலோடு சேர்ந்தது 2025இல் வந்த பதிப்புகளில்தான். உபுண்டு 24.04 முதலில் வந்தது அதற்கு முந்திய 6.8 கேர்னலோடு. பெட்டியில் எழுதியது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு சீடியில் பழைய கேர்னலுக்கான மூலக்கோப்பு இருக்கும், இன்றைய கேர்னலில் அது கொம்பைல் ஆகாது. ஒரே மொடல் பெயரில் சிப் மாறுவதும் நடக்கிறது: டிபி-லிங்க் 722என் முதலாம் பதிப்பில் ஏதெரோஸ் 9271, இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக். ஆகவே மொடலைக் கேட்டு வாங்காதீர்கள், சிப்பைக் கேளுங்கள். 2.4 மட்டும் போதுமென்றால் மீடியாடெக் 7601யூ, 5 கிகாஹேர்ட்ஸும் வேண்டுமென்றால் 7612யூ. இரண்டுக்கும் டிரைவர் கேர்னலிலேயே பல வருடமாக இருக்கிறது. கொழுவியதும், யூஎஸ்பி பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் டொங்கிள் தன்னை சீடியாகக் காட்டுகிறது. அந்த சீடியை இஜெக்ட் செய்தால் உண்மையான இலக்கம் தெரியும். லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய், கொழுவிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பற்றுச்சீட்டில் "வைஃபை கார்ட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். சிப் இலக்கம், உத்தரவாதக் காலம், திகதி மூன்றும் வேண்டும். கழற்றிய பழைய கார்டைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். கடை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம். ஆனால் பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும், பற்றுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.