ஆபீஸ் பூட்டியிருக்கும் நாட்களில் சர்வருக்கு யார் காவல்?

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. பங்களாதேஷில் வார விடுமுறை. அந்நாட்டு மத்திய வங்கியில் பணப் பரிமாற்றத் தகவல்களை அச்சடித்துத் தள்ளும் பிரிண்டர் அன்று சும்மா கிடந்தது. பிரிண்டர் மக்கர் செய்வது புதிதா என்ன? அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் முந்தைய இரவே, பணம் அனுப்பச் சொல்லி அந்த வங்கியின் பெயரில் போலி உத்தரவுகள், அதன் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்குப் போயிருந்தன. விஷயம் புரிந்து நியூயார்க்கைக் கூப்பிட்டால் அங்கே சனி, ஞாயிறு. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்களன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. 8.1 கோடி டாலர் கைவிட்டுப் போனது. திருடர்கள் காலண்டர் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

நீண்ட விடுமுறை வரும்போது ஒரு சிறு நிறுவனத்துக்கு மூன்று வழிகள் உண்டு. தேவையில்லாததை எல்லாம் அணைத்துவிட்டுப் போகலாம். நம் ஆட்களையே முறை வைத்துக் கவனிக்கச் சொல்லலாம். இல்லையென்றால் 24 மணி நேரமும் கண்காணிக்கும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

அணைப்பதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. செலவில்லாத வழி என்பதாலோ என்னவோ. ஓடாத கணினிக்குள் யாரும் நுழைய முடியாது. வெளியிலிருந்து ஆபீஸ் கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை மூடுவது, விடுமுறையில் வேலை செய்யாதவர்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் விபிஎன் அனுமதியை நிறுத்தி வைப்பது, பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் பூட்டுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு மத்தியான வேலை. டிஸ்க்கைக் கழற்றுவது முக்கியம். சர்வரோடு இணைந்தே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இந்த வழியின் குறை, ஏற்கெனவே உள்ளே வந்து பதுங்கியிருப்பவனை இது வெளியேற்றாது. விடுமுறையிலும் ஆர்டர் வாங்கும் ஆன்லைன் கடைக்கு இது ஒத்தும் வராது.

நம் ஆட்களை வைப்பதில் பெரிய லாபம், எது வழக்கம், எது வழக்கமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கணக்குப் பிரிவு அக்கவுண்ட் விடியற்காலை மூன்று மணிக்கு லாகின் ஆனால் உடனே உறுத்தும். சிக்கல் அதற்கு அடுத்த நிமிடத்தில் வருகிறது. சர்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க வேண்டும். ஆனால் துண்டிக்கலாமா என்று கேட்க வேண்டிய முதலாளி விமானத்தில் இருக்கிறார். முறையில் இருக்கும் பையன் காத்திருப்பான். ‘சந்தேகம் வந்தால் துண்டித்துவிடு, அப்புறம் பேசிக்கொள்ளலாம்’ என்று முன்பே எழுதிக் கொடுக்காத முறைப்பட்டியல் சுவரில் தொங்கும் காகிதம்தான்.

வெளி நிறுவனம் தூங்காது, சரி. ஆனால் பார்ப்பது வேறு, தடுப்பது வேறு. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைச் சங்கிலியில், பண்டிகை வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது 4 கோடி கார்டுகளின் விவரம் திருடுபோனது. கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்தது. யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் கணினிகளைப் பராமரிக்க வருபவரின் கருவியே வாசலாகிவிடலாம். 2021 ஜூலை 2, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பராமரிப்பு நிறுவனங்கள் பயன்படுத்தும் கசேயா மென்பொருள் வழியாகத்தான் ரான்சம்வேர் பரவியது. ஸ்வீடனில் கூப் சூப்பர்மார்க்கெட் சங்கிலியின் பில் போடும் இயந்திரங்கள் முடங்கி நூற்றுக்கணக்கான கடைகள் மூடப்பட்டன.

என்னைக் கேட்டால், பத்து இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு முதல் வழியும், துண்டிக்கும் அதிகாரத்தோடு ஒரே ஒரு ஆளும் போதும். கண்காணிப்புக்குக் காசு கொடுப்பது, விடுமுறையிலும் விற்பனை நிற்காதவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அவர்களும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும்: தாக்குதல் தெரிந்தால் கணினியை அவர்களே தனிமைப்படுத்துவார்களா, வெறும் மெயில் அனுப்புவார்களா? மெயில்தான் என்றால், அதை விடுமுறையில் யார் திறக்கப்போகிறார்கள்?

எந்த வழியாக இருந்தாலும், அட்மின் அக்கவுண்டுகளுக்குப் பாஸ்வேர்டு மட்டும் போதாது. இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று முதலாளி பெயரில் மெயில் வந்தால் ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் அவர் நம்பரில் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். அந்த நம்பர்களை, வங்கியின் நம்பரையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி முறையில் இருப்பவரின் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். சர்வர் பூட்டப்பட்ட அன்று, எல்லா நம்பரும் அந்தச் சர்வருக்குள்தான் இருக்கும்.