பிளாக்வாட்டர் அருவி: பெற்றோருடன் செல்ல ஏற்ற குறுநடைகள்

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி, வாஷிங்டன் வட்டாரத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது. மலையும் அருவியும் பார்க்க வேண்டும், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் இடம், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் டக்கர் கவுண்டியில், டேவிஸ் என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ள பிளாக்வாட்டர் ஃபால்ஸ் மாநிலப் பூங்கா. காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். அருவியின் உயரம் 57 அடிதான். உயரத்தை மட்டும் எண்ணிச் செல்பவர்கள் ஏமாறக்கூடும். இதன் சிறப்பு நீரின் நிறத்திலும், நடக்கும் வலிமை குறைந்தவர்களுக்கும் அது எட்டும் தூரத்தில் இருப்பதிலும் உள்ளது.

நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் முதன்முறை பார்ப்பவர்கள் பலரும் ஆலைக் கழிவு கலந்துவிட்டதோ என்று ஐயுறுகிறார்கள். பால் சேர்க்காத தேநீரைப் போன்ற செம்பழுப்பு நிறத்தில் ஆறு விழுகிறது. கரையெங்கும் வளர்ந்துள்ள ஹெம்லாக், சிவப்பு ஸ்புரூஸ் மரங்களின் ஊசியிலைகள் உதிர்ந்து, மட்கி, அவற்றிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளே இந்த நிறத்துக்குக் காரணம். அருவியின் அடியில் சுழன்று ஒதுங்கும் வெண்ணுரையும் சோப்பு நுரையன்று. நீரில் கரைந்திருக்கும் தாவரப் பொருள்களால் இயல்பாக உண்டாவது. வெயில் நேராக விழும்போது பாறை விளிம்பில் மெல்லிய தகடாக வழியும் நீர் பொன்னிறமாகவும், திரண்டு விழும் இடத்தில் கரும்பழுப்பாகவும், சிதறும் துளிகள் வெள்ளையாகவும் தெரிவதை நின்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் செல்லும் வழி, கடையை ஒட்டிய வாகன நிறுத்தத்திலிருந்து இறங்கும் மரப்படிப் பாதை. படிகள் 200-க்கும் மேற்பட்டவை. இடையிடையே நின்று பார்க்க மேடைகள் உண்டு, கைப்பிடியும் உண்டு. கடைசி மேடையில் நிற்கும்போது அருவியின் ஓசை பேச்சை மூழ்கடிக்கிறது. மழைக்குப் பிந்தைய நாள்களில் சாரல் முகத்தில் அடிக்கிறது. இறங்குவது எளிது, ஏறுவதுதான் சோதனை. இளைஞர்களுக்குச் சில நிமிட வேலைதான் என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்களும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது. பாதி வழி வரை இறங்கித் திரும்பலாம் என்று அவர்களை அழைத்துச் செல்வதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் கண்ணெதிரே அருவி தெரிந்தபின் பாதியில் திரும்ப யாருக்கும் மனம் வராது.

அவர்களுக்காகவே அமைந்ததுபோல் பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில், தங்கும் விடுதிக்குச் செல்லும் சாலையோரத்தில், ஜென்டில் டிரெயில் என்ற பாதை இருக்கிறது. தளம் போட்ட, படிகளே இல்லாத, சக்கர நாற்காலியும் செல்லக்கூடிய மிகக் குறுகிய நடை. படிகளில் இறங்க இயலாதவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாந்தரக் காட்சி என்று இதை நினைப்பது தவறு. கீழேயுள்ள மேடையிலிருந்து அருவியின் வேகம் தெரிகிறது என்றால், இங்கிருந்துதான் அதன் வடிவம் தெரிகிறது. கனேன் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களிலிருந்து நிதானமாக வரும் ஆறு, கடினமான மணற்பாறை விளிம்பைத் தாண்டியதும் தன் இயல்பையே மாற்றிக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்குக்குள் பாய்வதை ஒரே பார்வையில் காணலாம். முதியவர்கள் மூச்சு வாங்காமல், அவசரமில்லாமல், வேண்டிய மட்டும் நின்று பார்க்கிறார்கள். ‘நீங்கள் போய் வாருங்கள், நான் காரிலேயே இருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகிவிட்ட ஒருவர் குடும்பத்தோடு சேர்ந்து அருவியைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பெற்றோரை அழைத்துச் சுற்றியவர்களுக்குத் தெரியும். இந்தப் பூங்காவை நான் மற்றவற்றுக்கு மேலாக வைப்பதற்கு இந்தப் பாதையே போதிய காரணம்.

விடுதியின் அருகிலிருந்து தொடங்கும் எலகாலா பாதை இன்னொரு குறுநடை. ஷேஸ் ரன் என்ற ஓடையின் மேல் அமைந்த மரப்பாலத்தை அடைந்தால், காலடியிலேயே நீர் சரிந்து விழுகிறது. பாசி படர்ந்த பாறைகளும் அடர்ந்த நிழலுமாக இருக்கும் இந்த இடம் புகைப்படக்காரர்களுக்குப் பிடித்தமானது. பாலம் வரை செல்வது எளிது. ஆனால் அருவியை எதிரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வேர்களையும் ஈரப் பாறைகளையும் பிடித்து இறங்க வேண்டும். சிறு குழந்தைகளோடு வந்தவர்கள் பாலத்தோடு நிறைவு கொள்ளலாம். இதற்கும் கீழே உள்ள அருவிகளுக்கு ஒழுங்கான பாதை கிடையாது. அவற்றைத் தேடிப் போக வேண்டாம்.

லிண்டி பாயின்ட் என்ற காட்சிமுனைக்குச் செல்லும் நடையில் அருவி கிடையாது என்றாலும், அதை விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. ரோடோடென்ட்ரான் புதர்கள் இருபுறமும் கவிந்த, அரை மைலுக்கும் குறைந்த அந்தப் பாதை, பிளாக்வாட்டர் பள்ளத்தாக்கு முழுவதையும் காட்டும் ஒரு மேடையில் முடிகிறது. கோடையில் அந்தப் புதர்கள் பூக்கும். அது மாநிலத்தின் மலரும்கூட. மாலைச் சூரியன் மறைவதைப் பார்க்க இங்கே கூட்டம் சேரும் என்பதால் சற்று முன்னதாகவே சென்றுவிட வேண்டும்; திரும்பும்போது இருட்டிவிடும், கைவிளக்கு அவசியம்.

இந்தக் காடு தொன்மையான காடு அன்று. 1880-களில் டேவிஸுக்கு ரயில் பாதை வந்தபின் இப்பகுதியின் ஸ்புரூஸ் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. இன்று நாம் நடப்பது மீண்டும் வளர்ந்த காட்டில். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹெம்லாக் மரங்களை அழித்துவரும் சாறுண்ணிப் பூச்சியை எண்ணும்போது, பாதையை விட்டு விலகாமல் நடப்பதும் மரங்களின் வேர்களை மிதிக்காமல் இருப்பதும் நம்மால் இயன்ற சிறு உதவிகள் என்றே கருதுகிறேன்.

அருவி என்றால் குளிப்பது என்று வளர்ந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இங்கே மேடையிலிருந்து பார்ப்பதோடு சரி. இலைகள் நிறம் மாறும் காலம் இந்த உயரத்தில் விரைவாகவே, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வந்துவிடுகிறது. அந்த வார இறுதிகளில் வாகனம் நிறுத்துவதே கடினம் என்பதால் வார நாளோ அதிகாலையோ நலம். குளிர்காலத்தில் அருவி ஓரளவு உறைந்து அழகாக இருக்கும் என்றாலும், படிகளில் பனிக்கட்டி படியும். வழுக்காத காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. கோடையிலும் மாலையில் குளிரும், பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். காலையில் ஜென்டில் டிரெயிலில் எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட்டு, பெரியவர்களை விடுதியில் ஓய்வாக அமரவைத்து, அந்த நேரத்தில் மற்றவர்கள் மரப்படிப் பாதைக்குச் சென்று வருவதே வசதியான ஏற்பாடு.