ஏடாஸ் காலிபரேஷன்: வெளியாளைக் கூப்பிடுவதா, பட்டறையிலேயே செய்வதா?

முன்கண்ணாடி மாற்றினால், பம்பரைக் கழற்றி மாட்டினால், சஸ்பென்ஷனில் கை வைத்தால், இன்றைய பல கார்களில் கேமராவையோ ரேடாரையோ மறுபடி காலிபரேட் செய்தாக வேண்டும், அதாவது எது நேர் என்று அவற்றுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவற்றை வைத்து ஓட்டுநரை எச்சரித்து உதவும் அமைப்புக்குத்தான் ஏடாஸ் (ADAS) என்று பெயர். சிறு பட்டறைக்கு இதற்கு மூன்று வழி. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியை அனுப்பலாம்; வேலை நடக்கும், ஆனால் வண்டி அவர்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். கருவிகளோடு நம் இடத்துக்கே வரும் வெளியாளைக் கூப்பிடலாம். அல்லது நாமே கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளியாளை வைத்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டுச் சொந்தக் கருவிக்கு மாறியவன் நான். அந்தப் பக்கம்தான் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியாளின் வசதிகள் தெரிந்தவைதான். முதலீடு இல்லை, இடத்தை அடைக்காது, மென்பொருள் சந்தா அவர் பொறுப்பு. தினமும் பல கம்பெனி வண்டிகளைப் பார்ப்பதால் கை பழகியிருக்கும். காலிபரேஷன் முதல் முறையே முடிந்துவிட்டால் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அது தோற்கிற நாளில்தான் எல்லாம் மாறுகிறது. முன்பக்கம் லேசாக இடிபட்ட கார் ஒன்று. பம்பர் மாற்றி, பெயின்ட் அடித்து முடித்தோம். காலிபரேட் செய்ய வந்தவர் மூன்று முறை முயன்றார். மூன்றும் தோல்வி. ரேடார் போய்விட்டது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினார். புது ரேடார் வரவழைத்து, அதை அந்த வண்டிக்கு ஏற்ப கோடிங் செய்து, மறுபடி அவரைக் கூப்பிட்டோம். திரும்பவும் அதே தோல்வி. பிறகுதான் ரேடாரைத் தாங்கும் பிராக்கெட்டை அளந்தோம். ஒரு ஓரம் 2 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பிராக்கெட்டில் 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு மேல் திருகல். ஒரு டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் போகும். பக்கத்துத் தடத்தில் போகிற வண்டியைத் தன் தடத்தில் போவதாக எடுத்துக்கொள்ள அதுவே போதும். ரேடார்மேல் எந்தக் குறையும் இல்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை காலிபரேஷன். பம்பரைக் கழற்றிப் பார்ப்பதல்ல. ஆனால் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் காலிபரேஷனில் இருப்பதில்லை, அதற்கு முன் நடந்த ரிப்பேரில் இருக்கிறது. அந்த ரிப்பேரைச் செய்தவர்கள் நாம். எங்கே பட்டி பூசினோம், எந்த போல்ட்டைக் கழற்றினோம் என்று நமக்குத்தான் தெரியும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் நம் கையில் இருந்தால் சந்தேகத்தை அங்கேயே தீர்த்துவிடலாம்.

இப்போது தோல்வி வந்தால் உடனே மறுபடி முயல்வதில்லை. முதலில் பேட்டரிக்குச் சப்போர்ட் சார்ஜர், டயர் காற்று, டிக்கியில் இருக்கும் சுமை, வேறு ஏதாவது ஃபால்ட் கோட் நிற்கிறதா என்று பார்ப்போம். ஐந்து நிமிட வேலை. அடுத்தது வீல் அலைன்மென்ட். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வண்டி அதன் உடலின் நடுக்கோட்டில் போவதில்லை. பின்சக்கரங்கள் தள்ளும் திசையில் போகிறது. அந்தத் திசைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலான த்ரஸ்ட் ஆங்கிள் கோணலாக இருக்கும்போது, காலிபரேஷனுக்குக் குறியாக முன்னால் வைக்கும் டார்கெட் பலகையை எவ்வளவு துல்லியமாக நிறுத்தினாலும் பயனில்லை. ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரின் பூஜ்யமும் இதோடு சேர்ந்ததுதான்.

அதற்கப்புறம் பொருத்திய பாகங்கள். முன்கண்ணாடி என்றால், கேமரா பிராக்கெட் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கோணமும் கேமராவுக்கு முன்னால் உள்ள தெளிவான பகுதியும். ரேடார் என்றால், அதற்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக். அந்த இடத்தில் பட்டியோ கூடுதல் கோட் பெயின்டோ இருந்தால், குறிப்பாக அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் பெயின்ட் கனமாக இருந்தால், அலை பலவீனமாகும். ரேடாருக்கு முன்னால் இருக்கும், அலையை உள்ளே விடும் கம்பெனிச் சின்னத்துக்குப் பதில் சாதாரண குரோம் சின்னம் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

தோல்வியைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது தப்பான வெற்றி. நிறுத்தி வைத்துச் செய்யும் காலிபரேஷனில், நாம் பலகையை எங்கே வைத்தோமோ அதைத்தான் கேமரா நேர் என்று நம்பும். தரை 3 மீட்டரில் 10 மில்லிமீட்டர் சரிந்திருந்தால் ஏறக்குறைய 0.2 டிகிரி சாய்வு; ஆனாலும் திரை ‘முடிந்தது’ என்றே காட்டலாம். சொந்த இடத்தில் தரையை ஒருமுறை லேசர் வைத்து அளந்து கோடு போட்டுவிட்டால் அது அப்படியே இருக்கும். வருகிறவர் ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் தரையில் நிற்கிறார்.

ஓட்டிச் செய்யும் காலிபரேஷனில் என் வாதம் வலுக்குறைகிறது. தெளிவான கோடுள்ள சாலை, சொன்ன வேகம், நல்ல வானிலை ஆகியவை யார் செய்தாலும் வேண்டும். தோற்றால் காரணம் சாலையா, பிராக்கெட்டா என்று அது சட்டென்று காட்டிக்கொடுக்காது. எந்த முறை என்பதை வண்டிக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. சில வண்டிகளுக்கு இரண்டும் வேண்டும். லாரி, பஸ்களில் நான் கை வைத்ததில்லை, அதனால் இங்கே சொல்வது கார்களுக்கு மட்டும்.

சொந்தக் கருவியின் சுமையும் லேசானதல்ல. வண்டிக்கு முன்னால் பல மீட்டர் காலி இடம், பளபளப்பில்லாத பின்புலம், ஒரே சீரான வெளிச்சம், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் பலகைகள், நிற்காத சந்தா. எங்கள் பட்டறையில் ஒரு வண்டி நிறுத்தும் பே முழுக்க இதற்கே போய்விட்டது. மாதம் இரண்டு மூன்று வண்டிதான் வரும் என்றால் வெளியாளே போதும். அப்படிக் கூப்பிடும்போது அலைன்மென்ட் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுங்கள். கருவி காட்டும் விலகல் கோணத்தை முன்னும் பின்னும் எழுதி வாங்குங்கள். தோற்றுவிட்டால், பம்பரைக் கழற்றிப் பிராக்கெட்டை அளக்கும்வரை ரேடாருக்கு ஆர்டர் போடாதீர்கள்.