பதினெட்டிலேயே கிளம்புவதா, பொறுத்துப் போவதா: ஒரு மோர்மன் பிள்ளையின் முன்னால் உள்ள வழிகள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் இரண்டு பேராக நடை. மோர்மன் மிஷனரிகளை உலகின் பல ஊர்களில் இப்படிப் பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது மதப் பிரசாரம், அவ்வளவுதான். அவர்களை அனுப்பி வைக்கிற, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வீடுகளுக்கோ அது பிள்ளையின் படிப்பு, பணம், காதல், விசுவாசம் எல்லாம் ஒரே முடிச்சில் வந்து விழுகிற நேரம். சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே பல வருஷமாகக் குடியிருக்கிறேன். அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இந்த முடிவின் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பள்ளி முடிந்த கையோடு கிளம்புவது, ஒரு வருஷம் கல்லூரி போய்விட்டுக் கிளம்புவது, வீட்டிலிருந்தே சேவை செய்வது, போகாமலே இருப்பது என்று வழி நான்கு. இரண்டாவதுதான் நல்லது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விதிகள். மோர்மன் சபை, அதன் முழுப்பெயரில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, ஆண்பிள்ளைகளிடம் 24 மாத ஊழியத்தை, அதாவது வீடு வீடாகப் போய் மதத்தைச் சொல்லும் மிஷனை, கடமையாகவே எதிர்பார்க்கிறது. பெண்களுக்கு 18 மாதம். கடமை இல்லை, விரும்பினால் போகலாம். இன்ன நாடு வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. உள்ளூர் ஆயரிடம் நேர்காணல், அவருக்கு மேலே உள்ள தலைவரிடம் இன்னொன்று, டாக்டர் சான்று, பல் டாக்டர் சான்று எல்லாம் முடிந்து விண்ணப்பம் தலைமையகத்துக்குப் போகும். அங்கே அப்போஸ்தலர்கள் எனப்படும் சபையின் உயர்தலைவர்களில் ஒருவர் இடத்தைத் தீர்மானிப்பார். பிரேசிலோ, கானாவோ, பக்கத்து மாநிலமான ஐடஹோவோ, வந்ததுதான். வெளிநாடு பார்க்கலாம் என்ற ஆசையில் விண்ணப்பிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, செலவைக் குடும்பம்தான் கட்ட வேண்டும். 2020 ஜூலையிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர், அதற்கு முன் 400. டோக்கியோவுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் அதே தொகைதான். ஒரு பையனுக்கு மொத்தம் 12,000 டாலர். அதற்காகச் சின்ன வயசிலிருந்தே பணம் சேர்க்கிற பிள்ளைகள் உண்டு. முடியாதவர்களுக்கு உள்ளூர்ச் சபை கைகொடுக்கிறது.

பதினெட்டு வயது என்பது புதிய கணக்கு. 2012 அக்டோபரில் நடந்த சபை மாநாட்டில்தான் அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் ஆண்களின் வயதை 19லிருந்து 18 ஆகவும், பெண்களின் வயதை 21லிருந்து 19 ஆகவும் குறைத்தார். சில நாடுகளில் ராணுவச் சேவைக்காகவும் படிப்புக்காகவும் 18 ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தது. அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆகிவிட்டது.

உடனே கிளம்புவதில் வசதி நிறைய. கோடையில் பள்ளி முடிகிறது, இலையுதிர் காலத்துக்குள் பிள்ளை பிரோவோ நகரத்துப் பயிற்சி மையத்தில் இருக்கிறான். புதிய மொழி கற்க வேண்டியவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது வாரம் பயிற்சி. மீதியைத் தெருவே கற்றுக்கொடுத்துவிடும். கல்லூரியில் பாதியில் விட்டு, திரும்பி வந்து பழைய பாடத்தைத் தூசி தட்டுகிற வேலை இல்லை. இருபது வயதில் திரும்பி, ஒரே மூச்சில் பட்டம் வரைக்கும் போகலாம். சபையே நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்க்கையைத் தள்ளிவைப்பது அன்றாட வழக்கம். மற்ற பல்கலைக்கழகங்கள் அப்படியே செய்யும் என்று சொல்ல முடியாது, உதவித்தொகை உள்ளவர்கள் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இன்னொரு வசதி, கூட்டாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் போகிறார்கள். தனியாகப் பின்தங்கி நிற்கிற வேதனை இல்லை.

எனக்கு உறுத்துவதும் அந்தக் கடைசி வசதிதான். எதிர்வீட்டில் அழைப்பு, அதாவது எந்த இடம் என்று சொல்லும் கடிதம், திறந்த சாயங்காலத்தை நேரில் பார்த்தேன். முன்பு தபாலில் உறை வரும். இப்போது இணையத்தில் வருகிறது. கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாது. சுவரில் ஒரு உலக வரைபடம், யார் எந்த நாட்டை ஊகிக்கிறார்கள் என்று ஒட்டுத்தாளில் பெயர். அரிசோனாவிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வீடியோவில். பையன் போனைப் பார்த்து வரி வரியாக வாசித்து, நாட்டின் பெயரில் நின்றான். வீடே அதிர்ந்தது. அம்மா அழுதாள். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது, அது நிஜம்தான். ஆனால் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு "எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை சொல்ல முடியுமா? மூன்று வயதில் குழந்தைகள் ஞாயிறு வகுப்பில் பாடத் தொடங்கியதிலிருந்து இந்த நாளை நோக்கியே அவனை நடத்தி வந்திருக்கிறார்கள். பள்ளியிலிருந்து நேரே விமானத்துக்குப் போகிறவனிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு செவ்வாய்க்கிழமைகூட யாரும் விட்டுவைக்கவில்லை.

ஒரு வருஷம் பொறுப்பதில் அந்தச் செவ்வாய்க்கிழமை கிடைக்கிறது. சபைப் பெரியவர்களுக்கு இந்த இடைவெளி பயம். கல்லூரி விடுதியில் ஒரு வருஷம் இருந்தால் பிள்ளை கைநழுவிப் போவான் என்கிறார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. காதல் வரும், வேலை வரும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்ப ஆள் இருக்காது, சபையின் வரலாற்றைப் பற்றி வீட்டில் கேட்காத கேள்விகளை அறைத்தோழன் கேட்பான். ஆனால் அதே கேள்விகளைத்தான் போகிற ஊரில் முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று கேட்கப்போகிறார்கள். ஒரு வருஷம் அவற்றோடு புழங்கிவிட்டு, பிறகும் போகிறேன் என்கிறவனுடைய சொல்லுக்கு எடை அதிகம். துணி துவைப்பது, சமைப்பது, பிடிக்காத அறைத்தோழனோடு காலம் தள்ளுவது எல்லாம் கைவந்திருக்கும். மிஷனில் இது சின்ன விஷயம் இல்லை: காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுக்கும்வரை, சபை நியமித்த துணையை விட்டு விலகவே கூடாது. வாரத்தில் ஒரு நாள்தான் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் ஒதுக்கியது. காதலுக்கு இடமில்லை. வீட்டாரோடு பேசுவதுகூட 2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம் என்பது பெரிய ஆறுதல். பொறுத்துப் போவதன் நஷ்டம் பட்டம் தள்ளிப்போவது. அது ஈடுகட்டக்கூடிய நஷ்டம்.

பெண்பிள்ளைகளைப் பார்த்தால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். பையனிடம் ஊர் கேட்கும் கேள்வி "ஏன் போகவில்லை?" பெண்ணிடம் கேட்பது "ஏன் போகிறாய்?" பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அவள் யோசித்துவிட்டுப் போகிறாள். எங்கள் தெருவிலிருந்து போன பெண்கள், எதற்காகப் போகிறோம் என்பதைத் தங்கள் வார்த்தையில் சொன்னார்கள்; பையன்களில் பலர் பாடம் ஒப்பித்தார்கள். பெண்களுக்கும் வயதை 18 ஆக்கிவிட்டதால், இனி அவர்களிடமும் "ஏன் போகவில்லை?" என்று கேட்கத் தொடங்கிவிடக் கூடாதே என்பது என் கவலை.

வீட்டிலிருந்தே செய்யும் சேவை மிஷனைப் பற்றிப் பலர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அது தப்பு. உடல்நலம், மனநலக் காரணங்களால் பெரும்பாலும் இந்த வழிக்கு வருகிறார்கள். சபையின் உணவுக் கிடங்கு, பழைய பொருள் விற்கும் கடை, ஆலயம் என்று வேலை நிஜமானது, பசித்தவனுக்குச் சாப்பாடு போய்ச் சேர்கிறது. பதற்றம் உள்ள பிள்ளையை எட்டாயிரம் மைல் அனுப்பி, நான்காம் மாதம் உடைந்துபோய்த் திரும்ப வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பாதியில் திரும்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடியும் முன்பே வெளியேறிவிடுவதாகக் கேள்விப்படும்போது மனசு வலிக்கிறது.

போகாமல் இருப்பதைப் பற்றி ஊர் பயமுறுத்துகிற அளவு ஒன்றும் இல்லை என்பதற்குக் கூடைப்பந்தில் ஒரு ஜோடி உண்டு. ஷான் பிராட்லி சிட்னியில் மிஷனை முடித்துவிட்டு வந்து அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வின் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 1993 தேர்வில் இரண்டாவது ஆளாகப் போனார். ஜபாரி பார்க்கர் மிஷனுக்குப் போகாமல் 2014இல் அதே இரண்டாவது இடத்தில் தேர்வானார். சபையின் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங்கின் வழித்தோன்றலான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஸ்டீவ் யங் போகவே இல்லை, சபைக்காரராகவே இருந்தார். பாடகர் டேவிட் ஆர்ச்சுலெட்டாவோ புகழ் கையில் இருக்கும்போதே 2012இல் பாட்டை நிறுத்திவிட்டு சிலிக்குப் போனார். பிரபலங்களுக்கு ஊர் மன்னித்துவிடும். எங்கள் தெருப் பையனுக்கு அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. பெண் பார்க்கும்போதுகூட "மிஷன் முடித்தவனா?" என்ற கேள்வி வருகிறது. விலை உண்டு. ஆனால் நம்பாத ஒன்றை இரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கும் விலை உண்டு, அதை அவன் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

வெளிநாடும் சேவையும்தான் ஆசை என்றால் அமைதிப் படை (பீஸ் கோர்) இருக்கிறது; ராணுவம் இல்லை, தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் திட்டம். அமெரிக்க அரசு 1961இல் தொடங்கியது. 27 மாதம், செலவுக்குப் பணமும் தருவார்கள். அங்கே பெரும்பாலும் பட்டம் முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்பதால் பதினெட்டுக்கு அது பதில் இல்லை.

பெற்றோர்களிடம் சொல்ல ஒன்று உண்டு. பிள்ளை "அடுத்த வருஷம் போகிறேன்" என்றால் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுங்கள். மிஷனுக்குச் சேர்த்த பணத்தைத் தனிக் கணக்கில் அப்படியே விடுங்கள். அவனாகப் பேச்சை எடுக்கும்வரை நீங்கள் எடுக்காதீர்கள். ஆயர் கேட்டாலும் "அவனையே கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.