அயனி வாய்க்காலா, தாவர உயிர்த்தொழில்நுட்பமா?

மூலக்கூறு உயிரியலில் எந்தப் பக்கம் போவது என்று குழம்புகிறவர்களுக்கு. அயனி வாய்க்கால் என்பது செல் சவ்வில் அயனிகளைக் கடக்கவிடும் புரதத் துளை.

காலம்: அயனி வாய்க்காலில் விடை அன்றே தெரியும். கண்ணாடிக் குழலின் முனை செல் சவ்வைக் கவ்விவிட்டால், ஒற்றை வாய்க்கால் திறந்து மூடுவது சில பிக்கோ ஆம்பியர் (ஒரு பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்னோட்டமாகத் திரையில் படிபடியாக ஓடும். கவ்வாத நாள்கள்தான் அதிகம்! செடியோ அவசரப்படாது, வேகமாக வளரும் ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸுக்கே விதையிலிருந்து விதைக்குச் சுமார் 6 வாரம்.

செலவு: முன்னதற்கு ஆம்ப்ளிஃபயர், அதிர்வு தாங்கும் மேசை. பின்னதற்கு வளர்ப்பறை.

வேலை: முன்னது மருந்து ஆய்வுக்கு, பின்னது விதை நிறுவனங்களுக்கு.

கை நடுங்காதவருக்கு முதலாவது, காத்திருக்கத் தெரிந்தவருக்கு இரண்டாவது. இரண்டையும் விடமுடியாதவருக்குத் தாவரப் பொட்டாசியம் வாய்க்கால்கள் இருக்கின்றன; 1992இல் ஈஸ்டின் உதவியால் அடையாளம் காணப்பட்டவை. என் ஓட்டு அதற்கே.