பினாங்கு போனால் நீல மாளிகையில் தங்குங்கள்

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனில் ஒரு நல்ல பூட்டிக் ஹோட்டல் (தனி அழகுள்ள சிறிய ஹோட்டல்) சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது லீத் ஸ்திரீட்டில் உள்ள சோங் ஃபாட் சீ மாளிகையை. ஊரில் நீல மாளிகை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகள் பல இன்று ஹோட்டல்கள். படத்தில் எல்லாமே அழகு. வேறொரு ஹோட்டலில் முகப்பு மட்டும் பழசு, உள்ளே பலகை வைத்துத் தடுத்த அறைகள். எனக்குக் கிடைத்ததில் ஜன்னலே இல்லை. விடிந்ததா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் குளியலறை, மெத்தை படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டை எப்படிப் பழுதுபார்த்தார்கள் என்பதைத்தான் இப்போது தேடுகிறேன்.

இந்த மாளிகையில் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. சீனாவின் குவாங்டோங்கிலிருந்து வெறுங்கையோடு வந்து பெரும் வணிகரான, ஹக்கா பிரிவைச் சேர்ந்த சீனர் சோங் ஃபாட் சீ, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு. 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். 1916-இல் அவர் காலமான பிறகு வீடு மெல்லச் சீரழிந்து, பல குடித்தனங்கள் ஒண்டியிருக்கும் இடமானது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கி, பழைய முறையிலேயே சீரமைத்தார்கள். 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. அந்தக் காலத்தில் அவுரிச் சாயம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, பினாங்கு மழைக்கு அதுதான் சரி. கூரை விளிம்பில் பீங்கானை வெட்டி ஒட்டிச் செய்த பூக்களும் பறவைகளும்; உள்ளே ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண்கள். இவ்வளவும் ஒரே வீட்டில் இருந்தும் கண்ணை உறுத்தவில்லை, அதுதான் எனக்கு வியப்பு.

மழை பெய்யும்போது நடு முற்றத்தில் உட்காருங்கள். செட்டிநாட்டு வீட்டு வளவு போலவே வானம் திறந்த இடம். சீனர்களின் வாஸ்துவான ஃபெங் சுயி நம்பிக்கையில் தண்ணீர் என்றால் செல்வம், ஆகவே மழையை வீட்டுக்குள் வரவேற்றுக் கட்டியிருக்கிறார்கள். என்னோடு வந்த அம்மா அங்கிருந்து எழுந்து வரவே மறுத்துவிட்டார்.

பகலில் வெளியாட்களுக்கும் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள், ஆள் நடமாட்டம் இருக்கும். முற்றிலும் தனிமை வேண்டுமென்றால் ஸ்டூவர்ட் லேனில் ஏழு வீடுகளை இணைத்த செவன் டெரசஸ் ஹோட்டல் பொருந்தும். எனக்கு நீல மாளிகைதான். சுற்றிக் காட்டுபவர் சொல்லும் கதைகளுக்காகவே நானும் கூடவே நடந்தேன்.

விலை மலிவில்லை. வார நாளில் பாருங்கள். மாடிக்குப் படியேற வேண்டும். முட்டி வலி உள்ளவர்களோடு போனால் கீழ்த்தள அறையை முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா பக்கம் போய்விடலாம். குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் தரிசனமும் ஆகிவிடும்.